தாத்தாவின் தோட்டாவைத் தபாலில் அனுப்பலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுவில், அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தண்ணீர் மோட்டார், லிஃப்ட் பராமரிப்பு, குப்பை பிரிப்பது, வண்டி நிறுத்துமிடம் என்று பேசிப் பழகிய கூட்டத்தில், துப்பாக்கித் தோட்டாவைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். செயலாளர் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு கேள்விக்கு, இரவு பதினொரு மணி வரைக்கும் பதில் மேல் பதில் வந்து, கடைசியில் யாருக்கும் எதுவும் தெளிவாகாமல் போனதை நீங்களே பார்த்தீர்கள்.

கேள்வி இதுதான். நம் குடியிருப்பில் ஒரு குடும்பத்தில் பெரியவர் காலமானார். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். காரியம் முடிந்து, அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். பதக்கங்கள், பழைய புகைப்படங்கள், டிஸ்சார்ஜ் புத்தகம். அவற்றோடு ஒரு துணி முடிச்சில் ஐந்து பித்தளைத் தோட்டாக் கூடுகள். சுட்டு முடித்த காலிக் கூடுகள். இன்னொரு முடிச்சில், அவருடைய அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கியின் விசைப் பகுதி, துருப்பிடித்த நிலையில். வெளியூரில் இருக்கும் பேத்தி, "தாத்தா ஞாபகமாக எனக்கு ஒரு தோட்டா அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறாள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாமா?

குழுவில் ஒருவர், "உள்ளே மருந்து இல்லையே, வெறும் பித்தளைதானே, தாராளமாக அனுப்பலாம்" என்றார். இன்னொருவர், "வீட்டில் வைத்திருந்தாலே ஜெயில்தான்" என்றார். மூன்றாமவர், "எதற்கு வம்பு, மூல வைகையில் வீசிவிட்டு வாருங்கள்" என்றார். மூன்றுமே சரியில்லை என்பது என் கருத்து. எதனால் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் கேள்வி நம் ஊரில் வந்தது தற்செயல் அல்ல. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று மூல வைகையை ஒட்டி மேலே போகப் போக, ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் காடு. காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் பயந்து இரவெல்லாம் காவல் இருந்த குடும்பங்கள் நம்மில் பாதிப் பேர். அந்தக் காலத்தில் பயிர்க் காவலுக்குக் கரிமருந்து போட்டுக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்த வீடுகள் உண்டு. சிலரிடம் லைசென்ஸ் இருந்தது, பலரிடம் இல்லை. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றது. 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிகள் போய்விட்டன. ஆனால் அவற்றின் துண்டும் துணுக்கும் பரணில் கிடக்கின்றன. கட்டை உளுத்துப்போன குழல், விசை, மருந்து அளக்கிற கொம்பு, ஈயக் குண்டு வார்க்கிற அச்சு. இது ஒரு வகை. ராணுவத்திலும் போலீசிலும் இருந்து ஓய்வுபெற்றவர்கள் ஞாபகத்துக்குக் கொண்டுவந்து வைத்தது இன்னொரு வகை. என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிள் சுட்டுப் பழகிய பிள்ளைகள் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிற சின்னக் கூடு மூன்றாவது வகை. தாத்தா பாட்டி கிராமத்து வீட்டைக் காலி செய்துகொண்டு அடுக்குமாடிக்கு வரும்போது, பெட்டியோடு பெட்டியாக இவையும் வந்துவிடுகின்றன. அப்புறம் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்து பார்சல் போடுகிறோம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பயப்படாதீர்கள், நீட்ட மாட்டேன். நம் நாட்டில் துப்பாக்கிக்கு அடிப்படைச் சட்டம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதற்கு இப்போது நடப்பில் உள்ள விதிகள் 2016இல் வந்தவை. அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவில், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கி என்றால் முழுத் துப்பாக்கி மட்டும் அல்ல, அதன் பாகங்களும் துப்பாக்கிதான். சத்தத்தையும் தீப்பொறியையும் குறைக்க மாட்டுகிற சைலன்சர் போன்றவையும் அதில் அடக்கம். தோட்டா என்றால் தோட்டாவின் பாகங்களும் தோட்டாதான். அவற்றைச் செய்கிற இயந்திரமும் அப்படியே. நம் சாதாரண வழக்கில் ஒரு சைக்கிளின் பெடலைச் சைக்கிள் என்று சொல்ல மாட்டோம். இந்தச் சட்டம் சொல்லும். ஏன் அப்படி எழுதினார்கள் என்பதற்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது: துப்பாக்கியை நாலு துண்டாகக் கழற்றி நாலு பார்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொள்ளலாம் அல்லவா?

சரி, துப்பாக்கி விசை புரிகிறது. சுட்டு முடித்த கூடு எப்படி "பாகம்" ஆகும்? இங்கேதான் நம்மில் பலருக்குக் குழப்பம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு தோட்டாவில் நாலு சமாசாரம் இருக்கிறது. முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிற குண்டு. அதைத் தாங்குகிற பித்தளைக் கூடு. கூட்டுக்குள் மருந்து. கூட்டின் அடியில் நடுவே ஒரு சின்ன மூடி, அதை பிரைமர் என்பார்கள், நம் ஊர்ப் பக்கம் கேப்பு என்று சொன்னால் தெரியும். விசையை இழுத்தால் ஓர் ஊசி வந்து அந்தக் கேப்பைக் குத்தும். கேப்பு தீப்பிடித்து மருந்து வெடிக்கும். குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும். கூடு மட்டும் நம் காலடியில் விழும்.

விழுந்த அந்தக் கூடு குப்பை இல்லை. பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கேப்பு, மருந்து, குண்டு போட்டால் மறுபடியும் தோட்டா. அமெரிக்காவில் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்வதையே ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு போர் துப்பாக்கியின் கூட்டையும் இப்படி மறுபடி நிரப்ப முடியும். .22 தோட்டாவுக்கு மட்டும் இது எளிதில் நடக்காது. அதில் கேப்புத் தனியாக இல்லை, மருந்து விளிம்பிலேயே இருக்கும், ஊசி விளிம்பைத்தான் நசுக்கும்.

கூடு சாதாரணப் பித்தளை இல்லை என்பதற்கு இன்னொரு காரணம், அது சாட்சி சொல்லும். அடியைத் திருப்பிப் பாருங்கள், எழுத்து பொறித்திருக்கும். "கே.எஃப்." என்று இருந்தால் மகாராஷ்டிரத்தில் கட்கி தொழிற்சாலையில் செய்தது. "ஓ.எஃப்.வி." என்றால் வரண்காவ். பல கூடுகளில் ஆண்டும் இருக்கும். நடுவே ஊசி குத்திய பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுபடும், ஏறக்குறைய நம் கைரேகை மாதிரி. தடய அறிவியல் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் வைத்து இரண்டு கூடுகளை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கியில் சுட்டவையா என்று சொல்லிவிடுவார்கள். ராணுவத்திலும் போலீசிலும் துப்பாக்கிப் பயிற்சி முடிந்ததும் மைதானத்தில் குனிந்து காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைப்பது இதற்காகவும்தான். நூறு ரவுண்டு கொடுத்தால் நூறு கூடு திரும்ப வேண்டும். ஆகவே ஒரு வீட்டில் ராணுவத் தோட்டாவின் கூடு இருந்தால், விசாரிக்கிறவர் மனதில் முதலில் எழும் கேள்வி, "இது எப்படி வெளியே வந்தது?" என்பதுதான். தாத்தாவைத் தெரிந்த நமக்கு அந்தக் கேள்வி தோன்றாது. தெரியாத அதிகாரிக்குத் தோன்றத்தான் செய்யும்.

அப்படியானால் வாட்ஸ்அப்பில் "ஜெயில்தான்" என்றவர் சொன்னது சரியா? அதுவும் இல்லை. அதே சட்டத்தில் 45ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சட்டம் யாருக்குப் பொருந்தாது என்று சொல்கிற பிரிவு. அதில் இரண்டு விஷயம் நமக்கு வேண்டியது. ஒன்று, பழங்கால வகையைச் சேர்ந்த அல்லது தொன்மை மதிப்புள்ள, அல்லது பழுதாகிவிட்ட ஆயுதம், ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாதது என்றால், அதற்கு விலக்கு உண்டு. இரண்டு, துப்பாக்கியின் அல்லது தோட்டாவின் சிறு பாகங்களை, மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாமல் ஒருவர் வைத்திருந்தால், அதற்கும் விலக்கு உண்டு. அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காலிக் கூட்டை வைத்திருப்பவரைப் பிடித்து உள்ளே போடுவது சட்டத்தின் நோக்கம் அல்ல.

நீதிமன்றங்களும் இதில் கண்மூடித்தனமாக நடந்துகொள்வதில்லை. ஒரு பொருள் தன்னிடம் இருக்கிறது என்று அறிந்து வைத்திருந்தால்தான் சட்டப்படி அது "கைவசம்" என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கிலும், பிறகு 1994இல் சஞ்சய் தத் வழக்கிலும் தெளிவுபடுத்தியது. பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவோடு சோதனையில் மாட்டியவர்கள் மீதான வழக்குகளை டில்லி உயர் நீதிமன்றம் பலமுறை ரத்து செய்திருக்கிறது. தவிர, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குத் தொடர, மாவட்ட நடுவரின், அதாவது நம் ஊருக்குத் தேனி கலெக்டரின், முன் அனுமதி வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது.

இதைக் கேட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தப் பாதுகாப்பெல்லாம் எப்போது கிடைக்கிறது என்று பாருங்கள். வழக்கு ரத்தானது என்றால் வழக்குப் பதிவானது என்று அர்த்தம். அதற்கு முன் விசாரணை, வக்கீல், நீதிமன்ற வாசல், வேலைக்குப் போகிற பிள்ளை என்றால் பாஸ்போர்ட் சரிபார்ப்பில் ஒரு கேள்வி. விலக்கு எனக்குப் பொருந்தும் என்று காட்டுகிற பாடு நம்முடையது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தது நிரூபணமானால், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் ஏழிலிருந்து பதினான்கு ஆண்டு. ராணுவத்தில் புழங்குகிற .303, 7.62, 9 எம்.எம். இவையெல்லாம் பொதுமக்களுக்கு லைசென்ஸ் கொடுக்காத ரகங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கொண்டுவந்தது பெரும்பாலும் இவைதான்.

இனி என் பழைய பிழைப்புக்கு வருகிறேன், தபால்.

வீட்டில் ஷோகேசில் இருக்கிற வரைக்கும் அந்தக் கூட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. யாராவது கேட்டால் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டிப் பேசலாம். அட்டைப் பெட்டிக்குள் போட்டு ஒட்டி, கவுண்டரில் கொடுத்துவிட்டால் அந்தக் கதை அதோடு போகாது. போகிற வழியில் அதைப் பார்க்கிறவருக்குத் தெரிவதெல்லாம் எக்ஸ்ரே திரையில் ஒரு தோட்டாவின் உருவம் மட்டும். காலியா, நிரம்பியதா என்று அவர் தன் பொறுப்பில் முடிவெடுக்க முடியாது. பையை ஓரமாக வைப்பார், மேலே சொல்வார், போலீஸ் வரும். அனுப்புநர் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் நாமே அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அஞ்சல் சட்டம் என்ன சொல்கிறது? நான் வேலை பார்த்த காலம் முழுவதும் 1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டம்தான். அதன் 19ஆம் பிரிவு வெடிக்கக்கூடியது, ஆபத்தானது, அசுத்தமானது, தீங்கு விளைவிப்பது, சரியாக மூடிக் கட்டாத கூரிய கருவி இவற்றைத் தபாலில் அனுப்பக் கூடாது என்றது. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. பழைய தண்டனைப் பிரிவுகள் பெரும்பாலும் போய்விட்டன. அதைக் கேட்டுச் சிலர் "இப்போது தபாலில் எதையும் அனுப்பலாம்" என்று எழுதுகிறார்கள். தவறு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுமக்கள் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக ஒரு தபாலை இடைமறிக்க, திறக்க, நிறுத்திவைக்க அதிகாரம் கொடுக்கிறது புதிய சட்டத்தின் 9ஆம் பிரிவு. தடை செய்யப்பட்ட பொருள் இருப்பதாகச் சந்தேகப்பட்டால் உரிய அதிகாரியிடம் ஒப்படைக்கலாம். ஆயுதமும் தோட்டாவும் வெடிபொருளும் இந்திய அஞ்சல் ஏற்காத பொருள்கள். தண்டனைக்கு ஆயுதச் சட்டம் தனியே இருக்கிறது.

சுட்டு முடித்த கூட்டில் வெடிக்க ஒன்றும் இல்லையே என்பவர்களுக்கு: உண்மைதான், கேப்பில் ஊசிப் பள்ளம் தெளிவாகத் தெரிந்தால் அது வெடிக்காது. ஆனால் காலிக் கூடுகளில் இன்னொரு வகை உண்டு. மருந்தும் குண்டும் இல்லை, ஆனால் அடியில் கேப்பு குத்தப்படாமல் புதிதாக இருக்கும். பார்வைக்கு இதுவும் காலிதான். ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. கொடுத்திருக்கிற பட்டியலில் இதற்கென்றே 0055 என்று எண் போட்டு, முதல் வகுப்பு, அதாவது வெடிபொருள், என்று சேர்த்திருக்கிறார்கள். எடுத்துத் தட்டினாலோ சூடேற்றினாலோ அந்தக் கேப்பு வெடிக்கும். பார்சல் மூட்டையைத் தூக்கி எறியாமல் வேலை நடக்கிற இடத்தை நான் பார்த்ததில்லை. அங்கே நிற்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது உங்களுக்குத் தெரியும். (அந்தச் சிவப்பு மை முத்திரை போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான், அது வேறு கதை.) தூர ஊருக்குப் போகும் ஸ்பீடு போஸ்ட் பெரும்பாலும் விமானத்தில் ஏறும். விமானச் சோதனை எப்படி என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். 2024 ஜூன் தொடக்கத்தில் சென்னை விமான நிலையத்தில், திருச்சிக்குக் கிளம்பிய ஒரு நடிகர், முன்னாள் எம்.எல்.ஏ., அவர் கைப்பையில் 40 தோட்டாக்கள் இருந்தன. அவரிடம் லைசென்ஸ் இருந்தது. மறந்து பையோடு கொண்டுவந்துவிட்டார். அதை விளக்கிக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அந்த விமானத்தில் அவர் போக முடியவில்லை. ஆள் நேரில் நின்று, லைசென்ஸைக் காட்டி, பேசத் தெரிந்தவருக்கே இந்த நிலை. பார்சல் எப்படிப் பேசும்?

தனியார் கூரியரும் இதில் வேறுபட்டதல்ல. பஸ் பார்சலும் அப்படியே. ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ரயில், விமானம், வண்டி எதில் வேலை செய்கிறவரானாலும், போகிற பெட்டியில் சட்டவிரோதமாக ஆயுதமோ தோட்டாவோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பக்கத்துக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டியது அவர் கடமை. "தெரிந்த டிரைவர், கண்டுகொள்ள மாட்டார்" என்று ஆண்டிபட்டி பஸ்ஸில் கொடுத்துவிட்டால், அந்த டிரைவரையும் சேர்த்து மாட்டிவிடுகிறோம்.

வெளிநாடு பற்றி இரண்டு வார்த்தை. நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே சட்டம் வேறு மாதிரி. சட்டைக்குள் மறைக்கக்கூடிய கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்ப 1927லேயே அங்கு தடை போட்டார்கள். ஆனால் துப்பாக்கியின் பல உதிரிப் பாகங்களைக் கடையில் ஸ்குரூ வாங்குகிற மாதிரி வாங்கலாம். அங்கே சாதாரணமாகக் கிடைக்கிறதே என்று லைசென்ஸ் வைத்திருக்கிற மாமாவுக்கு ஒரு மேகசினோ குழலோ வாங்கி அனுப்பிவைத்தால், இங்கே அது ஆயுத இறக்குமதி. 10ஆம் பிரிவுப்படி அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் சுங்கத் துறை பிடித்து வைக்கும். உலக அஞ்சல் ஒன்றியம் என்று ஒன்று 1874 முதல் இருக்கிறது, இந்தியா 1876இல் சேர்ந்தது. அதன் உடன்படிக்கையில் மருந்து நீக்கிய குண்டு, செயலற்ற எறிகுண்டு, அவற்றின் பொம்மை உருவங்கள் இவற்றைக்கூட வெளிநாட்டுத் தபாலில் வைக்கக் கூடாது என்று இருக்கிறது. பொம்மைக்கு ஏன் தடை? எக்ஸ்ரேயில் பொம்மைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரிய நேரமாகும், அதற்குள் ஓர் அஞ்சல் நிலையத்தையே காலி செய்ய வேண்டி வரும்.

அடுத்து, நம் வாசலுக்கு வரும் பார்சல்கள். நம் செக்யூரிட்டி அண்ணன் ஒரு நாளைக்கு எத்தனை பார்சல் வாங்கி வைக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் ஆர்டர் செய்யாத, அனுப்புநர் முகவரி இல்லாத, அளவுக்கு மீறிக் கனக்கிற சின்னப் பெட்டி வந்தால் வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். தபாலில் தோட்டாவை வைத்து அனுப்பி மிரட்டுவது பல நாடுகளில் நடக்கிற விஷயம். உறையைத் திறந்து அப்படி எதையாவது பார்த்தால், கையில் எடுத்து நாலு பேருக்குக் காட்டாதீர்கள், படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 112க்கு அடியுங்கள். உங்கள் விரல்பட்ட இடத்தில் அனுப்பியவன் ரேகை அழிந்துபோகும்.

சரி, டிரங்குப் பெட்டிக்காரர் என்ன செய்வது? அதைத்தான் நீங்கள் கேட்க வந்தீர்கள்.

ஆற்றில் வீசாதீர்கள். மூல வைகையில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் இருக்கிறது, ஆடு மேய்க்கிற பையன் கையில்தான் கிடைக்கும். பழைய இரும்புக் கடையிலும் போடாதீர்கள். பித்தளையை உருக்கும்போது அதில் ஒன்று சுடாத தோட்டாவாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

முதலில், கையில் வைத்துப் புரட்டாமல், எல்லாமே காலியா என்று மட்டும் பாருங்கள். குண்டோடு இருக்கிற தோட்டா, கேப்பில் பள்ளம் இல்லாத கூடு, எறிகுண்டு மாதிரி எதுவானாலும், பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய் மாதிரி ஏதாவது என்றாலும், தொடாமல் கதவைச் சாத்திவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். அதை நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், அவர்கள் வருவார்கள்.

காலிக் கூடுகளும் துருப்பிடித்த விசையும் மட்டும்தான் என்றால், ஒரு கடிதம் எழுதுங்கள். கடமலைக்குண்டு காவல் நிலைய ஆய்வாளருக்கு. இன்னார் என் தந்தை, ராணுவத்தில் இத்தனை ஆண்டு பணிபுரிந்தார், இன்ன தேதியில் காலமானார், அவர் பெட்டியில் இன்ன தேதியில் இவை கிடைத்தன, எனக்கு இவற்றால் எந்தப் பயனும் இல்லை, ஒப்படைக்க விரும்புகிறேன். பட்டியல், புகைப்படம், இறப்புச் சான்றிதழ் நகல், டிஸ்சார்ஜ் புத்தக நகல். இரண்டு பிரதி. பொருளை எடுத்துக்கொள்ளாமல் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் போங்கள். தனியாகப் போகத் தயங்கினால் சங்கத்திலிருந்து இருவர் கூட வருகிறோம். எப்படி ஒப்படைப்பது என்று அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். திரும்பும்போது சி.எஸ்.ஆர். ரசீதோ, கடித நகலில் முத்திரையும் தேதியுமோ வாங்காமல் வராதீர்கள். அந்தத் தாள் உங்கள் பிள்ளைகளுக்கு நாளைக்கு உதவும்.

லைசென்ஸ் இருந்த துப்பாக்கி என்றால் வழி இன்னும் தெளிவு. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. 21ஆம் பிரிவுப்படி காலம் கடத்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு வேண்டுமானால் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு கலெக்டருக்கு விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்தால் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது, லைசென்ஸ் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாகக் கூடியிருக்கிறது. ரிப்பேருக்கு ஒரு பாகத்தை அனுப்ப வேண்டுமென்றால் லைசென்ஸ் புத்தகத்தோடு நேரில் உரிமம் பெற்ற கடைக்குத்தான் போக வேண்டும், பார்சல் போடக் கூடாது.

காவல் நிலையத்துக்குப் போனால் நம்மையே குடைவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, இல்லை என்று நான் சொல்லவில்லை. சில கேள்விகள் கேட்பார்கள். ஆனால் மலையோர மாவட்டங்களில் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லி அவ்வப்போது காவல் துறையே அறிவிப்பு விடுகிறது, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் மக்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தானாக வந்து கொடுக்கிறவரையும் பார்சலில் பிடிபடுகிறவரையும் ஒரே தட்டில் வைக்கிற அதிகாரியை நான் இதுவரை சந்தித்ததில்லை.

பேத்திக்கு? தாத்தாவின் பதக்கத்தை அனுப்புங்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை, இன்ஷூர் செய்தே அனுப்பலாம். கூடுகளைப் புகைப்படம் எடுத்து, அடியில் இருக்கிற எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படமும் எடுத்து, தாத்தா எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள்.

பேச்சுக்குப் பிறகு சிலர் கேட்டார்கள், அவற்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டா வடிவத்தில் சாவிக்கொத்து, லைட்டர் விற்கிறார்களே என்று ஒரு தம்பி கேட்டார். உண்மையான கூட்டில் செய்ததாக இல்லாமல் வெறும் பொம்மையாக இருந்தால் ஆயுதச் சட்டம் அதைத் தொடாது. ஆனால் விமான நிலையத்துக்கும் தபால் பெட்டிக்கும் அதைக் கொண்டுபோகாதீர்கள், அரை நாள் வீணாகும். ஏர்கன் பற்றி: 4.5 மி.மீ. விட்டத்துக்கு மேலோ, 20 ஜூல் வேகத் திறனுக்கு மேலோ இருந்தால் லைசென்ஸ் வேண்டும், வாங்கும்போது பில்லில் இந்த அளவு எழுதி வாங்குங்கள். திருப்பாச்சேத்தி அரிவாளைத் தபாலில் அனுப்பலாமா என்று ஓர் அம்மா கேட்டார். தேங்காய் வெட்டவும் தோட்ட வேலைக்கும் உள்ளது விவசாயக் கருவி, ஆயுதம் அல்ல. ஆனால் அலகை அட்டையும் சாக்கும் சுற்றி நன்றாகக் கட்ட வேண்டும், கவுண்டரில் உள்ளே இருப்பது என்ன என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். தீபாவளிக்குச் சிவகாசியிலிருந்து பட்டாசு கூரியரில் வரவழைக்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது. பட்டாசு வெடிபொருள். ஆன்லைன் விற்பனையையும் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

என்.சி.சி. பிள்ளைகள் இருக்கிற வீட்டில், முகாம் முடிந்து வந்த அன்றைக்கே சட்டைப் பையையும் ஷூவையும் ஒரு தடவை உதறிப் பாருங்கள். கூடு கிடைத்தால் மறுநாளே என்.சி.சி. அலுவலரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கேயும் அதைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.